மதியத்து ஈக்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஆய்வகத்து ஈக்களுக்குச் சமையல். சோளமாவு, வெல்லம், ஈஸ்ட், அகர் எல்லாவற்றையும் பெரிய குண்டானில் கிளறி, குப்பிகளில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக்கு வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். துணியில் ஏறிவிட்டால் வேறெந்த வாசமும் வெளியே தெரியாது.

கிளறியது அஞ்சுகம். எம்.எஸ்ஸி. கடைசிப் பருவம். மண்ணச்சநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். டிசம்பரிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்கிறாள். முதல் நாள், எங்களோடு வேலை செய்யும் இன்னாசி அண்ணன், இந்தக் காலத்தில் யாரம்மா இப்படிப் பேர் வைத்தது என்று அவளைக் கேட்டார். "உங்களுக்கு இன்னாசின்னு வச்சாங்கள்ல, அவங்க மாதிரி ஆளுங்கதாண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்கும்.

அவளுடைய வேலையைச் சொல்வது எளிது. பழ ஈக்களில் இரண்டு கூட்டம். ஒன்று நிக்கோட்டினையே அறியாதது. அவற்றைப் புதியவை என்கிறோம். இன்னொன்றுக்கு முந்தின நாள் மிகக் கொஞ்சம் நிக்கோட்டின் ஆவி காட்டியிருப்போம்; அவை பழகியவை. மறுநாள் காலையில் இரண்டுக்கும் ஒரே அளவில் கனமான ஆவி. பிறகு குப்பியை மேசைமேல் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்த ஈ மேலே ஏறப் பார்ப்பது அதன் சுபாவம். புதியவை ஏற முடியாமல் தடுமாறும், காலை உதறும், மல்லாந்து கிடக்கும். பழகியவை ஒன்றும் நடக்காததுபோல ஏறிப் போகும். எத்தனை ஏறின என்று அஞ்சுகம் எண்ணுவாள்.

கூட்டம் பிரிக்கும்போது மயக்கம் கொடுக்க முடியாது, நரம்பு கெட்டுவிடும். அதனால் வாயால்தான் எடுக்கிறோம். ஒரு முனை கண்ணாடிக் குழாய், அதிலிருந்து நீளும் ரப்பர் குழாய், அதன் மறுமுனை நம் வாயில். இடையில் வலைத்துணி இருப்பதால் ஈ வாய்க்கு வராது. மெல்ல உறிஞ்சினால் ஈ கண்ணாடிக்குள் வரும். மெல்ல மூச்சை விட்டால் அடுத்த குப்பிக்குள் இறங்கும். பழக மாதக்கணக்கு ஆகும் என்பதால் புராஜெக்ட் பிள்ளைகளிடம், ஆய்வகத்தை நடத்துகிற ஹெலன் மேடம் குழாயைத் தருவதில்லை. அஞ்சுகத்தின் ஈக்களையும் நான்தான் மாற்றுகிறேன். ஒரு தொகுதி காலையில், இன்னொன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஜூனில் ஆய்வகத்தில் ஒரே ஓர் இடம் காலியாகிறது. புராஜெக்ட் நன்றாக வந்தால் அதை அஞ்சுகத்துக்குக் கொடுக்க ஹெலன் மேடம் நினைத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் பி.எட். என்று அவள் வீட்டில் முடிவாகிவிட்டது. "டீச்சர் வேலை கேவலம்னு சொல்லலக்கா. எனக்குப் பசங்களைப் பாத்தா பயம். ஈன்னா பயமில்ல" என்றாள்.

மதியம் பின்பக்கம் போய்வந்தேன். ஏலக்காய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

பழகியவை ஏன் ஏறுகின்றன என்று அஞ்சுகம் கேட்டாள். தேர்வுக்கு எழுதும் பதில் அவளுக்குத் தெரியும். தனக்குப் புரிகிற மாதிரி வேண்டும் என்றாள்.

ஒரு நரம்பு அடுத்த நரம்பிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல உடம்பே ஒரு பொருளைச் செய்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் இடம் ஏற்பி. வாங்கியதும் ஏற்பி திறக்கும், செய்தி போகும், அந்தப் பொருள் உடனே சிதைக்கப்படும், ஏற்பி மூடிக்கொள்ளும். நிக்கோட்டின் அந்த இடத்துக்குப் பொருந்துகிற வெளியாள். வந்து உட்கார்ந்தால் ஏற்பி திறக்கிறது. ஆனால் இந்த வெளியாளைச் சிதைக்க அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை. எழுந்து போக மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் திறந்து கிடக்கிற ஏற்பி பிறகு மரத்துப்போகிறது. நிக்கோட்டின் உட்கார்ந்தபடியே இருக்கும், ஏற்பி திறக்காது. அடுத்த நாள் எவ்வளவு கொடுத்தாலும் ஈக்கு அவ்வளவாக உறைக்காது.

"அப்ப நல்லா ஏறுற ஈதான் கெட்டுப்போன ஈயாக்கா?"

ஆமாம் என்றேன். அதை அவள் தன் கையெழுத்தில் பெரிதாக எழுதிக்கொண்டாள்.

இரவு நூலகப் புத்தகம் ஒன்றை முடித்தேன். நாவல்களில் ஆண் புகைத்தால் அவன் யோசிக்கிறான் என்று அர்த்தம். பெண் புகைத்தால் அவள் எப்படிப்பட்டவள் என்று ஆசிரியர் நமக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். இதில் மொழி வேற்றுமை இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியத் தொகுதி மறுபடியும் கெட்டது. புதியவை ஏறுகின்றன. நிக்கோட்டினை இதுவரை பார்த்தேயிராத ஈக்கள், தட்டியதும் விழுந்து, சிலுப்பிக்கொண்டு, வரிசையாக ஏறிப் போகின்றன. காலைத் தொகுதி ஒழுங்காக விழுந்து கிடக்கிறது. அஞ்சுகம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, எழுதி ஒட்டிய சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

இந்த ஆய்வகத்தில் எங்கேயும் எழுதாத விதி ஒன்று உண்டு. சிகரெட் பிடிப்பவர்கள் குழாயைத் தொடக் கூடாது. நிக்கோட்டினை அளந்து கொடுக்கிற இடத்தில், அதை மூச்சில் வைத்திருப்பவர் ஈயைக் கையாளலாமா? இன்னாசி அண்ணன் சேர்ந்த அன்று மேடம், "தம்பி, சிகரெட் உண்டா?" என்று கேட்டாராம். உண்டு என்றார். அதனால் அவருக்கு மரபணு வேலை. குழாய்ப் பக்கமே வருவதில்லை. போன வருஷம் வந்து போன இரண்டு பையன்களையும் மேடம் கேட்டார், நானே பக்கத்தில் இருந்தேன்.

நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த அன்று மேடம் என்னிடம், ஹாஸ்டலா வீடா என்று கேட்டார். ஹாஸ்டல் என்றேன். அது உண்மை.

இதையெல்லாம் ஏன் இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி அறைத்தோழி முனகுகிறாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் கூட்டம். எல்லோரும் அந்த வாரத்து முடிவுகளைப் பலகையில் காட்ட வேண்டும். அஞ்சுகம் தன்னுடையதை மறைக்காமல் அப்படியே போட்டாள். காலைப் புள்ளிகள் கீழே, மதியப் புள்ளிகள் மேலே.

மேடம் வெகுநேரம் பார்த்தார். நிக்கோட்டின் குப்பியை அடைத்த பஞ்சையே புதியவற்றுக்கும் போட்டிருக்கிறாய் என்றார். இல்லை மேடம், தனித்தனி டப்பா என்றாள் அஞ்சுகம். அப்படியென்றால் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறாய் என்றார். இல்லை மேடம் என்றாள் மறுபடியும், இந்த முறை சத்தமில்லாமல்.

"பஞ்சும் மாறல, சீட்டும் மாறல. அப்ப ஈ பொய் சொல்லுதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் கெட்டவர் இல்லை. அவசரப்படுகிறவர், கவனக்குறைவை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. மதியச் சாப்பாடு முடிந்து தூக்கத்தோடு வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், இந்த லட்சணத்தில் ஜூனில் உன்னை எப்படி எடுப்பது என்று கேட்டார். அஞ்சுகம் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த அறையின் மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் புதிதாக மாற்றியது. மற்ற இரண்டைவிட வெள்ளையாக இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்னாசி அண்ணன் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை சிகரெட் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். போன வருஷம் கறியை விட்டார், அது பெரிய விஷயமில்லை என்றார். இந்த முறை அவர் மனைவிக்கு இது நிறைமாதம். முதல் குழந்தை இரண்டு வருஷத்துக்கு முன்பு தங்கவில்லை. வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மதியம் பின்வாசலுக்கு எதிரே காதர் பாய் கடைக்குப் போனேன். அங்கே நான் எப்போதும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "இன்னாசி சாருக்கு ஒண்ணு." அவர் செய்தித்தாள் துண்டில் சுற்றித் தருவார். முதல் முறை சொன்னபோது காது வரைக்கும் சூடேறியது; அன்றைக்குச் சில்லறையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தேன். இப்போது பால் வாங்குவதுபோலச் சொல்கிறேன். இன்றும் சொன்னேன். நெற்றியில் சாம்பலோடு அவர் மாடியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

வெட்கமும் மரத்துப்போகும் என்று எழுதலாம். ஏற்பி மாதிரி என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதியதும் மனம் இலேசானது, அதனால் இந்த ஒப்பீட்டை நம்பவில்லை. ஈக்கு யாரும் பெயர் கேட்டு எதையும் தருவதில்லை. வேறொருவர் பெயரை அது சொல்வதும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அஞ்சுகம் எல்லாப் பஞ்சையும் தூக்கிப் போட்டுவிட்டு இந்த வாரத்தைப் புதிதாகத் தொடங்கினாள். குப்பிகளைத் தானே கழுவி, வேகவைத்து, வெயிலில் காயவைத்தாள். மதியம் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள், தூங்குகிறாய் என்று மேடம் சொன்னதால். மதியத் தொகுதி அப்படியும் ஏறுகிறது.

கூட்டத்தில் மேடம் இந்த முறை திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. ஜூன் இடத்துக்கு வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை வந்து பார்க்கச் சொல்லியிருப்பதாக, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

கூட்டம் முடிந்து அஞ்சுகம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எந்த இடத்துலக்கா தப்பு பண்றேன்? நாளைக்குக் கூடவே நின்னு பாருங்க. நீங்க பாத்தா தெரிஞ்சிரும்" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். விரல் மணக்குமோ என்ற பயம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் யாரும் இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்த்தேன்.

என்னைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லை இங்கே எழுதியதே இல்லை. பின்பக்கம் போனேன் என்று எழுதுவேன். என்னைத் தவிர யாரும் படிக்காத இடத்தில்கூட. சரி, எழுதுகிறேன். நான் சிகரெட் பிடிக்கிறேன். பாண்டிச்சேரியில் எம்.எஸ்ஸி. படித்தபோது தொடங்கியது, ஒரு நாளைக்கு ஒன்று, பரீட்சை என்றால் இரண்டு. இப்போது மதியம் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பிறகு வாய் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, சோப்புப் போட்டுக் கை கழுவி, நேராக மேலே போய்க் குழாயை வாயில் வைக்கிறேன்.

நேற்று ஒரே தலைமுறை ஈக்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை சிகரெட் பிடிப்பதற்கு முன்பு மாற்றினேன். மறுபாதியைப் பிடித்துவிட்டு வந்து மாற்றினேன். இன்று காலை இரண்டுக்கும் ஆவி கொடுத்துத் தட்டினேன். முதல் பாதி அடியில் கிடந்து காலை உதறியது. இரண்டாம் பாதி ஏறியது.

கண்ணாடிச் சுவரில் அவை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூச்சா, என் விரலா, குழாயின் ரப்பரில் படிந்ததா, தெரியாது. ஒரு நாள் சோதனை எதையும் நிரூபிக்காது என்று மேடம் சொல்வார், சரிதான். ஆனால் எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. அவை இப்படித்தான் ஏறும் என்று குப்பியைத் தட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

மேடத்தின் அறைக்குப் போனேன். எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். அந்தத் தயாரிப்பிலேயே கோளாறு இருந்தது.

மதியத் தொகுதி கெடுவதற்கு மூச்சு காரணமாக இருக்கலாம் மேடம் என்றேன். சிகரெட் பிடித்த மூச்சில் நிக்கோட்டின் கொஞ்ச நேரம் தங்கும் என்று படித்தேன் என்றேன். படித்தேன். அப்படித்தான் சொன்னேன்.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்தே விட்டது. அவருக்குப் பிடித்த வகை விளக்கம் அது. ஒரு விநாடியில் அஞ்சுகம் குற்றத்திலிருந்து வெளியே வந்துவிட்டாள். அடுத்த விநாடியில் மேடம் வெளியே எட்டிப் பார்த்து இன்னாசி அண்ணனைக் கூப்பிட்டார்.

அவர் வந்து நின்றார். குழாயை எடுத்தாயா என்று மேடம் கேட்டார். இல்லை மேடம் என்றார். அஞ்சுகத்துக்கு உதவி செய்கிறேன் என்று மதியத்தில் கை வைத்தாயா என்றார். இல்லை என்றார். நான் ஆறு வருஷமாக அந்தப் பக்கம் வந்ததில்லை, இப்போது பிடிப்பதும் இல்லை, திருநீற்றுப் புதனோடு விட்டுவிட்டேன் என்றார்.

"விட்டவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவீங்க" என்றார் மேடம்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. யாரோ கணக்குப் போட்டு விடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு மேடத்திடம் சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். நல்ல வேலை செய்தாய் மெய்யம்மை என்றார் மேடம்.

பிப்ரவரி 25, புதன்

இன்னாசி அண்ணன் மாடிப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"காதர் பாய் என்னைக் கேக்குறாரு. 'என்ன சார், விட்டுட்டேன்னு சொன்னீங்க, அந்தம்மா இன்னும் உங்களுக்குன்னு வாங்கிட்டுப் போகுதே'ன்னு."

நின்றுவிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சிரிச்சிட்டு வந்துட்டேன். அவரு என்னமோ நினைச்சுக்கிட்டாரு." டீயை ஒரு வாய் குடித்தார். "இத்தனை நாளா என் பேர்லயா ஓட்டுற? பரவால்ல, நல்ல பிராண்டாத்தான் வாங்குற."

சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு, நேற்று ராத்திரி மேடம் அவர் வீட்டுக்கு போன் செய்ததைச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான். பிள்ளை பிறக்கப்போகிற நேரம், அவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான், கொஞ்சம் கவனித்துக்கொள் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

"அவ சண்டை போட்டாக்கூட பேசிக்குவேம்மா. நேந்துக்கிட்டு முறிச்சிட்டீங்களேன்னு வயித்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா. விடிய விடிய ஜெபம். நான் இல்லைன்னா நம்பல."

மேடத்திடம் என்னைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது ஒரு பொம்பளைப் புள்ளையைப் பத்தி ஆம்பளை சொன்னது. நீ சொன்னா நீ சொன்னது" என்றார். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 27, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்கு முன்பு மேடத்தின் அறைக்குப் போனேன். இந்த முறை ஒன்றும் தயார் செய்யவில்லை.

"மேடம், இன்னாசி அண்ணன் இல்ல. நான்தான்."

"நீ என்ன?"

"நான் சிகரெட் பிடிப்பேன் மேடம்."

மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அம்மாவுக்குத் தெரியுமா என்றோ, உன்னைப் போய் இப்படி நினைக்கவில்லையே என்றோ சொல்வார் என்று காத்திருந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். பிடித்த எவ்வளவு நேரத்தில் குழாயைத் தொடுவாய் என்று கேட்டார். சொன்னேன். என்னென்ன தேதி விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். பிப்ரவரி ஆறாம் தேதி எனக்குக் காய்ச்சல், ஈக்களை மட்டும் மாற்றினேன், சிகரெட் பிடிக்கப் போகவில்லை என்றேன். மேசை மேலிருந்த அஞ்சுகத்தின் புள்ளிகளில் அந்த நாளைத் தேடினார். அன்றைய மதியப் புள்ளி கீழே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"நான் உன்கிட்ட கேக்கவே இல்லல்ல" என்றார். பிறகு, "பசங்களை மட்டும் கேட்டிருக்கேன். முப்பது வருஷமா."

அது என்னை விடுவிப்பதுபோல இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எப்போது தெரிந்தது என்று அவர் கேட்டபோது, போன சனிக்கிழமை சோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றேன்.

ஹாஸ்டலில் சொல்ல மாட்டேன், அது உன் விஷயம் என்றார். ஆனால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீயே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லார் முன்னாலும்தான் நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன் என்றார். இன்னாசி அண்ணன் வீட்டுக்கு என் எதிரிலேயே அவர் போன் செய்தார். தப்பு என்னுடையது ரோஸி, அவன் விரதத்தை முறிக்கவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் சொன்னேன். நாலே வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் என் உதட்டைப் பார்த்தான். அஞ்சுகம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய புள்ளிகளையே, வேறு யாரோ போட்டதுபோல.

கடைசியில் மேடம், இதை இப்படியே விட முடியாது, முறையாகச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரம் செய்கிறோம் என்றார். "பிடிக்கிறதுக்கு ஆள் இருக்கு" என்று என்னைக் காட்டினார். இரக்கமில்லாமல் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஒரு கருவி கிடைத்துவிட்ட திருப்தியில் சொன்னார்.

மார்ச் 5, வியாழன்

நான்கு நாளாக நடக்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, தொட்டிக்குப் பின்னால் இல்லை, கட்டடத்துக்கு முன்னால், வேப்பமரத்தடியில். மறைவில் பிடித்தால் எவ்வளவு உள்ளே இழுத்தேன் என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் பார்க்க ஒரே வேகத்தில் பிடிக்க வேண்டும் என்பது மேடத்தின் நிபந்தனை. பக்கத்தில் இன்னாசி அண்ணன் நேரம் பார்க்கிறார். தவக்காலத்தில் விட்டவனை இங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறீர்களே, இதைவிடப் பெரிய தவம் உண்டா என்றார் முதல் நாள். காற்று அவர் பக்கம் வீசும்போது கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

வேதியியல் துறைப் பெண்கள் இரண்டாம் மாடி ஜன்னலில் நிற்கிறார்கள். செவ்வாயன்று ஒருத்தி போனில் படம் எடுத்தாள். இன்று வார்டன் சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். செய்தி காரைக்குடியில் அம்மாவுக்குப் போகும் நாள் தூரமில்லை.

இந்த நான்கு நாளில் ஒரு முறைகூட அந்தச் சுகம் வரவில்லை. வெறும் புகை. இருமல் வருகிறது, முதல் முறை பிடித்ததுபோல.

மேலே வந்து குழாயை எடுக்கிறேன். அரைவாசி குப்பிகளின் ஈக்களை சிகரெட் பிடிப்பதற்கு முன்பே மாற்றியிருப்பேன், அரைவாசியைப் பிறகு. எது எது என்று தெரியாதபடி எண் மட்டும் ஒட்டி அஞ்சுகத்திடம் போகிறது. மறுநாள் காலை அவள் ஆவி கொடுக்கிறாள், தட்டுகிறாள், எண்ணுகிறாள். என்னிடம் எண்களை மட்டும் பேசுகிறாள். "பதினாலாம் நம்பர் வைங்கக்கா." "மூணாம் நம்பர் சரி."

மேடம் இன்று சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். புகைத்த பிறகு என் மூச்சு பட்ட குப்பிகள் எல்லாவற்றிலும் ஈக்கள் மற்றவற்றைவிட நன்றாக ஏறியிருக்கின்றன. இன்னும் இரண்டு வாரம் செய்த பிறகுதான் எதையும் சொல்வேன் என்றார். ஆனால் வெளிக் கல்லூரிப் பெண்ணுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

ஜூன் இடம் அஞ்சுகத்துக்கு என்று காலையில் மேடம் சொன்னார். அஞ்சுகம் நன்றி சொல்லிவிட்டு, ஒரு விஷயம் மேடம் என்றாள். இனிமேல் தன் ஈக்களைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும், குழாயைக் கற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றாள். மேடம் ஒரு கணம் யோசித்து, முதலில் அவளிடமே, "நீ சிகரெட் பிடிப்பியாம்மா?" என்று கேட்டார். இல்லை மேடம் என்றாள் அஞ்சுகம், சிரிக்காமல். சரி, மெய்யம்மை சொல்லித் தருவாள் என்றார். ஆய்வகத்தில் ஒழுங்காகக் குழாய் பிடிக்கத் தெரிந்தவள் இன்றும் நான்தான்.

மதியம் உட்கார்ந்தோம். அவளுக்குப் புதிய குழாய், புதிய வாய்முனை. நான் என்னுடையதை எடுக்காமல் வாயால் மட்டும் சொன்னேன். இழுக்காதே, மூச்சை உள்ளே வாங்குவதாக நினைத்துக்கொள். ஈ வந்ததும் நாக்கால் துளையை மூடு. விடும்போது வாயால் தள்ளாதே, கன்னத்தால் தள்ளு. அவள் இரண்டு ஈக்களை நசுக்கினாள், ஒன்றைத் தப்பவிட்டாள். பிறகு ஒரு ஈ நேர்த்தியாகக் கண்ணாடிக்குள் வந்தது. இறக்கை கசங்காமல், நடந்துகொண்டிருந்தது. அதை அடுத்த குப்பிக்குள் இறக்கிப் பஞ்சை வைத்து அடைத்தாள்.

குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, குப்பியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அன்னிக்கு மேடம் என்னையத் திட்டுனப்ப பக்கத்துல நின்னீங்கள்ல. அப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

மேடத்துக்குச் சொன்ன பதில் நாக்கில் தயாராக இருந்தது. அந்தச் சனிக்கிழமை, சோதித்துப் பார்த்த பிறகு. அதை அவள் நம்பியிருப்பாள். கூட்டத்தில் இருந்த எல்லோரும் நம்பினார்கள். இன்னாசி அண்ணன்கூட. யாருக்கும் அதைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. அவளும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, மறுபடி என்னோடு பேச ஆரம்பிக்கலாம் என்றுதான் கேட்டாள். அது அவள் குரலில் இருந்தது.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையசைத்தாள்.  அப்புறம் குழாயின் கண்ணாடி முனையைத் துடைத்து, வாய்முனையை உதட்டில் வைத்து, அடுத்த குப்பியின் பஞ்சை எடுக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. புதியவை."

தள்ளி நின்றேன்.